ஓடிபி யார் போனுக்குப் போகிறது?

“ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வருகிறது. போலீஸார் கல்லூரிக்கு வந்து அதையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எங்கள் கடைக்கு வருகிற நிறையப் பேருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அவர்களுடைய ஓடிபி அவர்களுக்கு வருவதே கிடையாது. பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கும் மகன் போனுக்குப் போகிறது. பிரிந்துபோன வீட்டுக்காரர் போனுக்குப் போகிறது. என்றைக்கோ ஆதார் திருத்தம் போட்டுக் கொடுத்த ஏதோ ஒரு கடைக்காரர் போனுக்குப் போகிறது. ரீசார்ஜ் போடாமல் விட்ட எண் என்றால், கம்பெனி அதை வேறு யாருக்கோ விற்று, முகம் தெரியாத ஒருவர் போனுக்கும் போகிறது.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், இ-சேவை எல்லாம் சேர்ந்த சின்னக் கடை எங்களுடையது. நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறோம். தக்காளி மண்டிக்கு வந்தவர்கள், மாரண்டஅள்ளி, பஞ்சப்பள்ளிப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், ஓசூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கை. கடைக்கு வந்ததும் போனை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, “நீயே பாத்துப் போட்டுக்கோ கண்ணு” என்பார்கள். பூட்டுக்கூடப் போடாத போன். அதில் வங்கி, சமையல் கேஸ், பிள்ளைகளின் போட்டோ, மருமகளோடு நடந்த சண்டையின் வாட்ஸ்அப் குரல் பதிவு எல்லாம் இருக்கும். இந்த நம்பிக்கையைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. கடை மாறினால் அதே போன் வேறொரு மேஜைமேல் இதே மாதிரிதான் கிடக்கும்.

இது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். நாட்டின் முதல் ஆதார் அட்டை 2010 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் டெம்ப்ளி என்ற பழங்குடி ஊரில் கொடுக்கப்பட்டது. அடுத்த சில வருஷங்களில் நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டுக் கண்ணையும் விரலையும் பதிந்தார்கள். போன் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. வீட்டுக்கு ஒரு போன்கூட இல்லாத காலம் அது, பலர் காலியாக விட்டார்கள். பிறந்த தேதியும் அப்படித்தான். வருஷம் மட்டும் தோராயமாகச் சொன்னவர்களுக்குக் கணினி ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் அட்டைகளை வரிசையாக அடுக்கினால், ஊரே புத்தாண்டு அன்றைக்குப் பிறந்த மாதிரி இருக்கும். “நான் ஆடி மாசம் பொறந்தவ, எங்கம்மா சொல்லும்” என்று ஒரு ஆயா அட்டையைப் பார்த்துச் சிரித்தார். தேதி தப்பாக இருந்தாலும் அவர் வாழ்க்கை ஓடிவிட்டது. காலியாக விட்ட போன் நம்பர்தான் பின்னால் பிடித்துக்கொண்டது.

2023 ஜூலை 24 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் நம் மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். முகாமுக்கு வரும்போது போன் கொண்டு வரச் சொன்னார்கள், ஓடிபி வரும் என்று. தன் பெயரில் ஒரு எண் இல்லை என்பது பல பெண்களுக்கு அப்போதுதான் உறைத்தது. செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்ததும் இன்னொரு கூத்து. “பணம் போட்டாச்சுன்னு மெசேஜ் வந்துது, பாஸ்புக்ல ஏறல, யாரோ எடுத்துட்டாங்க” என்று வந்தார்கள். யாரும் எடுக்கவில்லை. ஆதார் எண்ணை அடையாளமாக வைத்து வரும் அரசுப் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குத்தான் போகும். நூறு நாள் வேலைக்காகவோ குழுக் கடனுக்காகவோ திறந்து மறந்துபோன கணக்கில் அது பத்திரமாகக் கிடந்தது. மைஆதார் இணையதளத்தில் உள்ளே போனால், வங்கி இணைப்பு நிலை என்று ஒரு இடம் இருக்கிறது, எந்த வங்கி என்று காட்டும். போலீஸுக்குப் போவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் இதற்கு உள்ளே போகவும் ஓடிபி வேண்டும், பாருங்கள்.

மாரண்டஅள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையும் விவரத்தையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரரை விட்டு வந்து அம்மா வீட்டில் இருந்தாள். தனியாக ரேஷன் கார்டு போட வேண்டும், வங்கி முகவரியை மாற்ற வேண்டும். ஆதார், வங்கி இரண்டிலும் அவர் எண். நான் இங்கே ஒருமுறை ஓடிபிக்கு அழுத்தினால், அங்கே அவர் போன் சிணுங்கும். உடனே இவளுக்கு ஆள் அனுப்புவார், “இப்ப எந்த ஆபீஸ்ல உக்காந்திருக்க?” என்று. அவருக்குக் கேமரா வேண்டியதில்லை, ஜிபிஎஸ் வேண்டியதில்லை. அவள் எப்போது என்ன விண்ணப்பம் போடுகிறாள், ஏடிஎம்மில் எவ்வளவு எடுத்தாள், மீதி எவ்வளவு, எல்லாவற்றையும் அரசாங்கமும் வங்கியுமே அவருக்கு எஸ்எம்எஸ் அனுப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது 2017 ஆகஸ்ட் 24 அன்று. வழக்குப் போட்ட புட்டசாமி பக்கத்து மாநிலத்துக்காரர், கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கம் நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் அந்த வழக்கின் பெரிய கேள்வி. எனக்கு அந்தத் தீர்ப்பின்மேல் மரியாதை உண்டு. ஆனால் எங்கள் கடையிலிருந்து பார்த்தால், ஒரு பெண்ணைப் பற்றி டெல்லிக்கு எவ்வளவு தெரியும் என்பதைவிட, மாமியார் வீட்டுக்கு எவ்வளவு தெரியும் என்பதுதான் அவளுடைய அன்றாடக் கவலை.

அவளுக்கு வழி இருந்தது, அதிகம் பேருக்குத் தெரியாத வழி. ஆதாரில் போன் நம்பரை மாற்றப் பழைய எண்ணுக்கு ஓடிபி போக வேண்டியதில்லை. ஆதார் சேர்க்கை மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகையோ கண்ணோ வைத்தால் போதும். வேறு சான்று எதுவும் கேட்க மாட்டார்கள். கட்டணம் முன்பு 50 ரூபாய், 2025 அக்டோபரிலிருந்து 75. தாலுகா அலுவலகத்தில், சில தபால் நிலையங்களில், சில வங்கிக் கிளைகளில் இந்த மையங்கள் இருக்கின்றன. எங்களைப் போன்ற தனியார் கடையில் செய்ய முடியாது. “இங்கயே மாத்தித் தர்றேன், முந்நூறு குடு” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதில் வரிசை முக்கியம். முதலில் சிம். அது தன் பெயரில், தன் ஆதாரில் வாங்கியதாக இருக்க வேண்டும். அண்ணன் பெயரில் வாங்கிய சிம்மை ஆதாரில் ஏற்றினால், அண்ணன் நாளைக்கு டூப்ளிகேட் சிம் வாங்கினால் அதோடு முடிந்தது. சிம் கைக்கு வந்த பிறகு ஆதார். ஆதாரில் எண் மாறிய பிறகு வங்கி. வங்கியில் அது தானாக மாறாது, கிளைக்குப் போய்த் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டிலும் தனியாக. கேஸிலும் தனியாக. ஆதாரில் மாற்றிவிட்டோமே என்று நினைத்து நிறையப் பேர் பாதியில் நிற்கிறார்கள், வங்கி எஸ்எம்எஸ் பழையபடி பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும்.

எண்ணை மாற்றினால் வீட்டில் அடி விழும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இந்த வரிசையை நான் உடனே சொல்வதில்லை. மாற்றிய தகவல் பழைய எண்ணுக்கு எட்டக்கூடும் என்று எண்ணிக்கொண்டே எதையும் செய்ய வேண்டும். அவர்களுக்கு முதலில் 181, பெண்கள் உதவி எண். இருக்க ஒரு இடம் உறுதியான பிறகு போன் நம்பரைப் பார்க்கலாம்.

விரல் ரேகை விஷயத்துக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் விரலைத் தேய்க்கும் வேலைதான் அதிகம். புளி சீசனில் வீட்டுக்கு வீடு புளி உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். விரலெல்லாம் தோலுரிந்து வழவழவென்று ஆகிவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி, பெங்களூர் போனால் சிமெண்டு. இந்தக் கைகளைத்தான் ரேஷன் கடை மெஷினில் வைத்து “நீ நீதானா” என்று கேட்கிறோம். மெஷின் இல்லை என்கிறது. நாற்பது வருஷமாக அதே கடையில் அரிசி வாங்கும் ஆயாவைக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன, மெஷின் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

ஆதார் சட்டம் செல்லும் என்று 2018 செப்டம்பர் 26 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தபோதே, ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தகுதியானவருக்குப் பலனை மறுக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரேஷன் கடையில் கண் ஸ்கேன் இருக்கிறதா, ஓடிபி போட முடியுமா என்று கேட்கலாம். வர முடியாத முதியவர்கள் தங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப அங்கீகாரப் படிவம் இருக்கிறது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. “ரேகை விழல, அடுத்த மாசம் வா” என்று அனுப்பினால், சண்டை போடாமல், “மறுத்தேன்னு எழுதிக் குடுங்க சார்” என்று கேட்டுப் பாருங்கள். எழுதிக் கொடுக்க யாரும் விரும்புவதில்லை, பெரும்பாலும் அரிசி கிடைத்துவிடும்.

விழாத ரேகை ஒரு பிரச்சினை என்றால், விழுகிற ரேகை இன்னொரு பிரச்சினை. கிராமத்துக்கே சின்ன மெஷினோடு வந்து, ஆதார் எண்ணும் விரலும் மட்டும் வாங்கி வங்கியிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏஇபிஎஸ் என்பார்கள். வங்கிக்குப் பஸ் பிடித்து வர முடியாத வயசானவர்களுக்கு உண்மையிலேயே பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் அதில் பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது, விரல்தான் எல்லாம். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை போகும். “ரேகை விழல பாட்டி, இன்னொருக்கா வை” என்று சொல்லி, முதல் ரேகையில் ஒரு தொகை, இரண்டாவது ரேகையில் ஒரு தொகை என்று எடுத்துவிடுவது இதில் பழைய தந்திரம். மீதி பார்ப்பதாகச் சொல்லிப் பணம் எடுப்பதும் உண்டு. ஒவ்வொரு தடவை விரல் வைத்ததற்கும், தோற்றதற்கும் சேர்த்து, ரசீது கேட்க வேண்டும். திரையைக் காட்டச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த ஒரு ஏற்பாடு வேலை செய்கிறது, ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு முன்னால் யாருக்கும் கை நீளாது.

2023இல் பெங்களூரில் வெளிவந்த விஷயம் இன்னும் மோசம். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருக்கும் கைரேகைகளை இணையத்திலிருந்து எடுத்து, அச்சு செய்து, அதை மெஷினில் வைத்துப் பணம் எடுத்த கும்பல் பிடிபட்டது. நிலம் வாங்கியவரும் விற்றவரும் போன் கையில் இருக்கும்போதே, ஓடிபி எதுவும் வராமலே பணத்தை இழந்தார்கள். பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எங்கே போய் மாற்றுவது?

இதற்குப் பூட்டு இருக்கிறது. மைஆதார் இணையதளத்திலோ ஆதார் செயலியிலோ கைரேகை, கண், முகம் மூன்றையும் பூட்டி வைக்கலாம். பூட்டிய பிறகு யார் எங்கே உங்கள் ரேகையை வைத்தாலும் மெஷின் 330 என்ற பிழை எண்ணைக் காட்டி மறுத்துவிடும். தேவைப்படும்போது கொஞ்ச நேரத்துக்குத் திறந்துகொள்ளலாம். ஆதார் போன் நம்பர் தன் கையில் இருக்கிற, யுபிஐயில் பழகிய எல்லோருக்கும் இதைச் செய்யச் சொல்கிறேன். ரேஷன் கடையில் ரேகை வைத்து வாங்கும் ஆயாக்களுக்கு மட்டும் சொல்வதில்லை. பூட்டிவிட்டால் ரேஷன் மெஷினிலும் ரேகை ஓடாது, திறக்க ஓடிபி வேண்டும், மகன் பெங்களூரில் தூக்கத்தில் இருப்பான். பாதுகாப்பு ஆலோசனை சொல்பவர்கள் ஆளுக்கொரு போன், எப்போதும் நெட் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஏஇபிஎஸ் மூலம் பணம் எடுக்கும் வசதியை மட்டும் நிறுத்த முடியுமா என்று வங்கிக் கிளையில் கேட்பது மேல், சில வங்கிகள் செய்து தருகின்றன.

யார் எங்கே உங்கள் ஆதாரைப் பயன்படுத்தினார்கள் என்ற வரலாறும் மைஆதாரில் இருக்கிறது, கடைசி ஆறு மாதத்துக்கு. தேதி, நேரம், எந்த நிறுவனம், ரேகையா ஓடிபியா, வெற்றியா தோல்வியா எல்லாம் வரும். கடைக்கு வருகிறவர்களுக்கு வேறு வேலைக்காக உள்ளே போகும்போது இதையும் காட்டிவிடுவேன். பலரும் அப்போதுதான் அமைதியாகிக் குனிந்து திரையைப் பார்க்கிறார்கள்.

ஜெராக்ஸைப் பற்றி ஜெராக்ஸ் கடைக்காரியே பேசுவது வேடிக்கைதான். எல்லாவற்றுக்கும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். ஒகேனக்கல்லில் அறை எடுக்க, ஓசூரில் ஹாஸ்டல் சேர, பைனான்ஸில் வண்டி எடுக்க. வாங்கிய ஜெராக்ஸ் எங்கே போகிறது? பழைய பேப்பர் கடைக்கு. அங்கிருந்து வடைக்கடைக்கு. யாரோ ஒருவருடைய ஆதாரில் சுற்றிய மிளகாய் பஜ்ஜியை நானே சாப்பிட்டிருக்கிறேன். கும்பகோணத்துக்காரர், நல்ல போட்டோ.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகம், ஆதார் நகலை யாருக்கும் கண்டபடி கொடுக்காதீர்கள், ஆணையத்தின் உரிமம் இல்லாத ஓட்டலும் தியேட்டரும் நகல் வாங்கி வைக்கவே கூடாது என்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது. நாடு முழுக்கப் பதற்றம். இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது, தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று காரணம் சொல்லி. எனக்கு என்னவோ முதல் அறிவிப்பில் தவறு எதுவும் தெரியவில்லை. அதில் சொன்ன மறைக்கப்பட்ட ஆதார் இன்றும் இருக்கிறது. பதிவிறக்கும்போது ஒரு கட்டத்தை டிக் செய்தால் முதல் எட்டு எண்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். லாட்ஜ், ஹாஸ்டல் போன்ற இடங்களுக்கு இது போதும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் கொடுங்கள். எது கொடுத்தாலும் நகலின் குறுக்கே, படத்தை ஒட்டி, எதற்காக என்றும் தேதியும் பேனாவால் எழுதிவிடுங்கள். எங்கள் கவுண்டரிலேயே நூல் கட்டி ஒரு பேனா தொங்குகிறது, அதற்குத்தான்.

பதிவிறக்கிய ஆதார் பிடிஎப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறது என்று நம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, பிறந்த வருஷம், அவ்வளவுதான் அந்தப் பாஸ்வேர்டு. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாரும் திறந்துவிடுவார்கள். ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

எங்களைப் போன்ற கடைகளில் வேலை முடிந்து எழுந்திருக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். டவுன்லோட் கோப்புறையில் உள்ளதை என் கண்முன்னால் அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப் வெப்பை லாக்அவுட் செய்யுங்கள். நான் போட்ட விண்ணப்பத்தில் யாருடைய போன் நம்பரும் ஜிமெயிலும் போட்டிருக்கிறது என்று காட்டுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரே கடை ஜிமெயிலை வைத்து நூறு பேருக்கு விண்ணப்பம் போடுவது எங்கள் தொழிலில் சர்வசாதாரணம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஸ்காலர்ஷிப் கடிதமும் ஹால் டிக்கெட்டும் அந்தக் கடைக்குத்தான் போகும், கடை மூடினால் கடலில் போட்ட மாதிரி. நாங்கள் எண் இல்லாதவர்களுக்கு நோட்டில் எழுதிக் கொடுத்து முதலில் சிம் வாங்கி வரச் சொல்கிறோம். “ரொம்பச் சட்டம் பேசற” என்று எதிர்க் கடைக்குப் போனவர்கள் உண்டு.

சிம் வாங்கும்போதும் ஒரு கண் வேண்டும். பஸ் நிலையத்தில் குடை போட்டு இலவச சிம் கொடுப்பவர்களில் நேர்மையானவர்கள்தான் அதிகம். ஆனால் “முதல் ரேகை சரியா விழல” என்ற பழைய பாட்டு அங்கேயும் உண்டு. இரண்டாவது ரேகையில் உங்கள் பெயரில் இன்னொரு சிம் எழுந்து, எங்கேயோ மோசடிக்குப் போகும். ஒருவர் பெயரில் அதிகபட்சம் ஒன்பது சிம்தான் இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி மீறினால் முதல் தடவைக்கே 50,000 ரூபாய் வரை அபராதம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் இருக்கும் எண்கள் எல்லாம் வரும். தெரியாத எண் இருந்தால் ‘என்னுடையதல்ல’ என்று அழுத்தலாம். போன் திருடு போனாலும் அங்கேயே முடக்கலாம். அதற்கு ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண் வேண்டும், *#06# அழுத்தினால் வரும். இப்போதே பார்த்து ரேஷன் கார்டு அட்டைக்குள் எழுதி வையுங்கள். போன் போன பிறகு போனில் பார்க்க முடியாது.

கல்லூரிப் பையன்களுக்கு வேறொரு வலை. “உன் அக்கவுண்ட்டையும் சிம்மையும் ஒரு மாசம் குடு, அஞ்சாயிரம் தர்றேன்” என்று யாராவது வருவார்கள். தெரிந்த அண்ணன் மூலமாகத்தான் வருவார்கள். அந்தக் கணக்கில் யாரிடமோ ஏமாற்றிய பணம் வந்து போகும். எங்கோ வடக்கே ஒரு காவல் நிலையத்தில் வழக்கு, இங்கே கணக்கு முடக்கம், பையன் பெயர் எப்ஐஆரில். இதில் பையன்தான் குற்றவாளி என்று சட்டம் பார்க்கும், ஐயாயிரத்துக்கு வாடகை விட்டது தன் பெயரை என்று அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

கடன் செயலிகளைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. போன்புக்கையும் போட்டோவையும் கேட்கிற கடன் செயலி எதுவானாலும் அழித்துவிடுங்கள். அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது, கேட்கும்போதே அது விதியை மீறுகிறது.

எனக்கு மிகவும் சங்கடமான வேலை ஒன்று உண்டு. ஓசூரில் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் மகளின் அம்மா வருவார். “பாப்பா, அவ யார்கூடப் பேசறான்னு தெரியற மாதிரி இதுல ஏதாவது போட்டுக் குடேன்.” சில அண்ணன்மார் நேரடியாகவே, வாட்ஸ்அப்பை இன்னொரு போனில் இணைத்துத் தரச் சொல்வார்கள். காசு அதிகம் தருவதாகவும் சொல்வார்கள். நான் செய்வதில்லை. பத்தொன்பது வயது, தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைக்கிறாள், அவள் பேசுவதைக் கேட்க நமக்கு என்ன பாத்தியதை என்று அம்மாவிடம் சொல்வேன். சில அம்மாக்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு அம்மா மட்டும், “எனக்கும் கல்யாணத்துக்கு முன்ன கடிதாசு வரும், எங்கண்ணன் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்பான்” என்றார். அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தப் பெண்கள் லீவில் வரும்போது கடையில் அவர்களுக்குச் சொல்வது: வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தைத் திறந்து பாருங்கள், உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ இருந்தால் லாக்அவுட் கொடுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்புப் பின் போடுங்கள். உங்கள் ஜிமெயிலை யார் திறந்து கொடுத்தது, அதன் மீட்பு எண் யாருடையது என்று பாருங்கள், அண்ணன் எண் இருந்தால் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அவரால் திரும்ப எடுக்க முடியும். சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை வீட்டில் இருந்தாலும், எஸ்எம்எஸ் உங்களுக்கு வரட்டும். அட்டையைக் கேட்டால் சண்டை வரும் வீடுகளில்கூட எஸ்எம்எஸ்ஸுக்குச் சண்டை வருவதில்லை. எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரிந்தாலே பேச ஒரு பிடி கிடைக்கிறது.

வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து, உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது, டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், போனை வைக்காதீர்கள் என்பவர்களுக்குப் பயப்படாதீர்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் போடத் தேவையில்லை, பின் கேட்டால் உங்கள் பணம் போகிறது என்று பொருள். யாராவது *401* அல்லது *21* என்று ஆரம்பிக்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் உங்கள் அழைப்புகளை அவர்கள் போனுக்குத் திருப்பப் பார்க்கிறார்கள். அழுத்தித் தொலைத்திருந்தால் ##002# போட்டு எல்லாத் திருப்பல்களையும் நீக்கலாம்.

பணம் போய்விட்டால் முதலில் 1930, சைபர் மோசடிப் புகார் எண். வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து ராத்திரியை ஓட்டாதீர்கள், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடிகிற நேரம் அதுதான். எந்த வங்கி, எத்தனை மணி, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தால் பதற்றத்தில் உளறாமல் சொல்லலாம். அடுத்து வங்கியில் எழுத்துமூலம் புகார், அதற்கு முத்திரை போட்ட நகல். 2017இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாமல் மூன்றாவது ஆள் திருடியிருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. நாலாவது நாளிலிருந்து கணக்கு மாறும். அந்தத் தகவல் எஸ்எம்எஸ் மகன் போனுக்குப் போய், அவன் அதைத் திறக்காமலே விட்டிருந்தால், மூன்று நாள் எப்போது ஆரம்பித்தது என்பதில் வங்கியோடு வாக்குவாதம்தான் மிஞ்சும். அதனால் எண்ணை மாற்றக் கிளம்புங்கள். ஆதார் மையம் சனிக்கிழமை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே ஆதார் உதவி எண்ணான 1947க்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், தமிழில் பேசுகிறார்கள். போகும்போது அசல் ஆதார், புது சிம் போட்ட போன், 75 ரூபாய் சில்லறை. புளி உடைத்த கை என்றால் முந்தின நாள் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுப் போங்கள்.